பெட்டி இப்போது எங்கே? கண்டெய்னர் ட்ராக்கிங், சீல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதிக்கு டாக்குமெண்ட் வேலை பார்க்கிறேன். எங்கள் பெட்டிகளில் பெரும்பாலானவை தூத்துக்குடியில் ஃபீடர் என்கிற சின்னக் கப்பலில் ஏறி, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறி, ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ போகும். புதிதாக ஏற்றுமதி தொடங்குகிறவர்களும் ஃபேக்டரி முதலாளிகளும், சில சமயம் வெளிநாட்டிலிருந்து வீட்டுச் சாமான் அனுப்பிய சொந்தக்காரர்களும்கூட என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கண்டெய்னர் எண்ணைப் போட்டதும் இடம் காட்டுகிறதே, எல்லாப் பெட்டியிலும் ஜி.பி.எஸ். இருக்கிறதா?

இல்லை. சாதாரண இரும்புப் பெட்டி பலவற்றில் எந்தக் கருவியும் கிடையாது. பெட்டியைக் கையாண்ட யாரோ ஒருவர் பதிந்த சேதியைத்தான் திரையில் பார்க்கிறீர்கள். லாரி டெர்மினல் வாசலைத் தாண்டியதும் 'கேட் இன்' என்று பதிவாகும். கிரேன் தூக்கிக் கப்பலில் வைத்ததும் 'லோடட்'. கொழும்பில் இறக்கியதும் 'டிஸ்சார்ஜ்டு'. டெர்மினல் கம்ப்யூட்டர் இவற்றைக் கப்பல் கம்பெனிக்கு ஒரு பொது வடிவத்தில் அனுப்பும். கேட்டில் நடப்பதற்கு கோடெக்கோ, ஏற்றி இறக்குவதற்கு கோவாரி, கப்பலில் எந்த அடுக்கில் எந்தப் பெட்டி என்பதற்கு பேப்ளி என்று அந்தச் செய்திகளுக்குப் பெயரும் உண்டு. கம்பெனியின் ட்ராக்கிங் பக்கத்தில் அது ஒரு வரியாக வந்து உட்காருகிறது.

ஆக, ஒவ்வொரு வரிக்கும் ஓர் இடம், ஒரு நேரம், சொன்ன ஆள் என்று மூன்று விஷயங்கள் உண்டு. புதிதாக வேலைக்கு வரும் பையன்களிடம் நான் முதலில் சொல்வதே, 'எங்கே' என்று பார்ப்பதற்கு முன்னால் 'யார் சொன்னது' என்று பார் என்பதைத்தான்.

மூன்று நாளாக 'கொழும்பு' என்றே நிற்கிறது. பெட்டி தொலைந்துவிட்டதா?

எனக்கு வரும் போன்களில் பாதி இதுதான். தொலையவில்லை, யார்டில் அடுத்த கப்பலுக்குக் காத்திருக்கிறது. இறக்கியதற்கும் மறுபடி ஏற்றுவதற்கும் நடுவே பெட்டிக்கு எதுவும் நடப்பதில்லை. அதனால் புது வரியும் வராது. தூத்துக்குடியிலிருந்து கொழும்பு ஒரு நாள் ஓட்டம்கூடக் கிடையாது, ஆனால் கொழும்பில் ஒரு வாரம் உட்காருவது சாதாரணம்.

கவனிக்க வேண்டியது அடுத்த கப்பலின் பெயரை. நேற்று ஒரு பெயர், இன்று வேறு பெயர் என்றால் பெட்டி 'ரோல்' ஆகிவிட்டது என்று அர்த்தம். பெரிய கப்பலில் இடமில்லாமல் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். இதைப் பெரும்பாலும் யாரும் போன் போட்டுச் சொல்வதில்லை. நாமாகப் பார்த்துத் தெரிந்துகொண்டால்தான் உண்டு.

இன்னொன்று, தேதிக்குப் பக்கத்தில் 'எஸ்டிமேட்டட்' என்று இருக்கிறதா, 'ஆக்சுவல்' என்று இருக்கிறதா என்பது. முன்னது கணிப்பு, பின்னது நடந்து முடிந்தது. 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டு, பெரிய கம்பெனிகள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தபோது இந்த எஸ்டிமேட்டட் தேதிகள் வாரக்கணக்கில் நகர்ந்தன. சரக்கு வாங்கும் பையருக்கு அந்தத் தேதியை அப்படியே மெயிலில் அனுப்பியவர்கள் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

எண்ணைப் போட்டால் 'இன்வேலிட்' என்று வருகிறது. ஏன்?

நூற்றுக்குத் தொண்ணூறு தடவை டைப் பிழைதான். கண்டெய்னர் எண் என்பது நான்கு எழுத்து, ஏழு இலக்கம். முதல் மூன்று எழுத்து உரிமையாளர் குறி. பாரிஸில் இருக்கும் சர்வதேச கண்டெய்னர் பீரோவில் அது பதிவாகியிருக்கும். நான்காவது எழுத்து சரக்குப் பெட்டி என்றால் எப்போதும் 'யு'. பிறகு ஆறு இலக்க வரிசை எண். கடைசியாகக் கட்டத்துக்குள் தனியாக ஓர் இலக்கம் எழுதியிருப்பார்களே, அதுதான் சரிபார்ப்பு இலக்கம்.

அதை யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். பாடத்துக்கு எல்லாரும் எடுத்துக்காட்டும் எண் சி.எஸ்.கியூ.யு. 305438, கட்டத்துக்குள் 3. எழுத்துகளுக்கு மதிப்பு உண்டு: 'ஏ' 10, 'பி' 12 என்று 11, 22, 33 ஆகியவற்றைத் தாண்டிக்கொண்டு போகும். அந்தக் கணக்கில் இங்கே சி 13, எஸ் 30, கியூ 28, யு 32. இடமிருந்து வலமாக 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய் 512 வரை பெருக்கிக் கூட்டினால் 6185 வரும். அதை 11-ஆல் வகுத்தால் மீதி 3. கட்டத்தில் இருப்பதும் 3. ஓர் இலக்கம் மாறினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும், இந்தக் கணக்கு அநேகமாகக் காட்டிக்கொடுத்துவிடும். சில்லறை வேலை மாதிரித் தெரியும். ஆனால் டிரைவர் இரவு 11 மணிக்குப் போனில் கத்திச் சொல்லும் எண்ணை எழுதிக்கொள்கிறவனுக்கு இது பெரிய உபகாரம்.

கப்பலை வரைபடத்தில் நேரலையாகக் காட்டும் தளங்கள் இருக்கின்றனவே, அவற்றை நம்பலாமா?

கப்பலுக்கு நம்பலாம், பெட்டிக்கு அல்ல. சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் ஏ.ஐ.எஸ். கருவி வைத்திருக்க வேண்டும் என்பது கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் விதி. கப்பலின் பெயர், இடம், வேகம் எல்லாவற்றையும் அது ரேடியோவில் அனுப்பிக்கொண்டே இருக்கும். கப்பல்கள் மோதிக்கொள்ளாமல் இருக்க வந்த கருவி. கரைக்கு அருகில் கரையோர ஆன்டெனாவும் நடுக்கடலில் செயற்கைக்கோளும் அதைப் பிடிக்கின்றன. சண்டை நடக்கும் பகுதிகளில் கருவியை அணைத்து வைப்பதும் உண்டு, சிக்னலைக் குழப்பிவிடுவதும் உண்டு. கப்பல் பாலைவனத்தில் நிற்பது போலக் காட்டினால் பயப்பட வேண்டாம்.

உங்கள் பெட்டி அந்தக் கப்பலில்தான் இருக்கிறதா என்பதை 'லோடட்' என்ற வரி மட்டுமே சொல்லும்.

'ஸ்மார்ட் கண்டெய்னர்' என்கிறார்களே, அது என்ன?

அதில்தான் பெட்டியே பேசுகிறது. கதவின் மேல் உள்ளங்கை அளவு கருவி ஒன்றைப் பொருத்திவிடுவார்கள், பெரும்பாலும் சோலார் தகட்டோடு. இடம், அதிர்வு, சில மாடல்களில் கதவு திறப்பது, உள்ளே வெப்பம் எல்லாம் பதிவாகும். ரீஃபர் எனும் குளிர்பதனப் பெட்டிகளில்தான் இது முதலில் பரவியது. மின் இணைப்பு ஏற்கெனவே இருக்கிறது, சரக்கும் கெட்டுப்போகக் கூடியது என்பதால் செலவு செய்யக் காரணம் இருந்தது. மெர்ஸ்க் கப்பல் கம்பெனி 2017-இல் தன்னுடைய சுமார் 2.7 லட்சம் ரீஃபர் பெட்டிகளின் வெப்பநிலையை வாடிக்கையாளரே பார்க்கும்படி திறந்துவிட்டது. சாதாரணப் பெட்டிகள் எல்லாவற்றிலும் கருவி பொருத்தப்போவதாக ஹபாக் லாய்டு என்ற இன்னொரு கப்பல் கம்பெனி 2022-இல் அறிவித்தது.

குறை இல்லாமல் இல்லை. நடுக்கடலில் மொபைல் டவர் கிடையாது. கப்பலின் அடித்தளத்தில், மேலேயும் பக்கவாட்டிலும் இரும்புப் பெட்டிகள் அடுக்கிய நிலையில் ஜி.பி.எஸ். சிக்னலும் எட்டாது. கப்பலிலேயே தகவல் வாங்கி அனுப்பும் வசதி இருந்தால் சரி, இல்லாவிட்டால் கருவி எல்லாவற்றையும் சேமித்து வைத்துக்கொண்டு துறைமுகம் வந்ததும் மொத்தமாகக் கொட்டும். அதாவது வாழைப்பழம் கெட்ட நேரத்தை நிமிஷக் கணக்கில் சொல்லும், கெட்டு முடிந்த பிறகு.

நானே ஒரு கருவியைச் சரக்குக்குள் போட்டு அனுப்பலாமா?

அனுப்பலாம், விலை உயர்ந்த சரக்கில் பலர் செய்கிறார்கள். கதவுக்கு அருகில் உள்ள அட்டைப்பெட்டியில் வையுங்கள். உள்ளே தள்ளி வைத்தால் இரும்புச் சுவர் சிக்னலை விடாது. வெளிச்ச உணரி உள்ளதாக வாங்குங்கள், கதவு திறந்தால் வெளிச்சம் பட்டதும் நேரத்தோடு பதிந்துவிடும். லித்தியம் பேட்டரி இருப்பதால் கப்பல் கம்பெனியிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள். துணிப்பெட்டிக்கு இது தேவையா என்றால், என் கருத்தில் தேவையில்லை.

சீல் என்பது வெறும் பூட்டுதானே, அதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

பூட்டைத் திறந்து மறுபடி பூட்டலாம். சீலை உடைத்தால் உடைத்ததுதான். யாராவது திறந்தார்களா என்று சொல்வதற்கே அது இருக்கிறது. நாம் போடுவது போல்ட் சீல். விரல் கனத்தில் ஓர் எஃகு ஆணி, அதைக் கவ்விக்கொள்ளும் ஒரு குமிழ், இரண்டிலும் ஒரே எண். அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பிறகு பெரிய கட்டர் வைத்து வெட்டினால்தான் வரும். ஐ.எஸ்.ஓ. 17712 தரத்தில் 'ஹெச்' என்று குறித்தது உயர்பாதுகாப்பு வகை. எப்போதும் வலது கதவின் கைப்பிடியில் போடுங்கள். வலது கதவுதான் இடது கதவின் மேல் படிந்து மூடுகிறது.

போட்டதும் நான்கு வேலை: கண்ணால் பார்ப்பது, எண்ணைக் காகிதத்தோடு ஒப்பிடுவது, பிடித்து இழுப்பது, முறுக்கிப் பார்ப்பது. முறுக்குவதை யாரும் செய்வதில்லை. ஆணிக்குள் மறை வெட்டி, திருகிக் கழற்றும்படி செய்த திருட்டு சீல்கள் உண்டு. அவை பார்வைக்கும் இழுப்புக்கும் அசையாது, முறுக்கினால்தான் கழலும்.

ஒரு தடவை எங்கள் பக்கத்திலேயே சீல் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி அடித்துவிட்டோம். பெட்டி ஒழுங்காகத்தான் போய்ச் சேர்ந்தது, காகிதம்தான் வேறு எண் சொன்னது. அங்கே சுங்கத்தில் திறந்து கொட்டிப் பார்த்து, திரும்ப அடுக்கி, அதற்குக் கூலியும் யார்டு வாடகையும் நாங்கள் கட்டினோம். கண்டெய்னர் எண்ணுக்கு இருக்கும் சரிபார்ப்பு இலக்கம் சீல் எண்ணுக்குக் கிடையாது. அன்றிலிருந்து மூடிய கதவு, சீல், எண் மூன்றும் ஒரே போட்டோவில் தெரிந்தால்தான் நான் டைப் செய்வேன்.

சீல் அப்படியே இருக்கிறது, சரக்கு மட்டும் குறைகிறது. எப்படி?

சீலைத் தொடாமலே கதவைத் திறப்பார்கள். கைப்பிடியைக் கதவோடு பிடித்திருக்கும் ரிவெட்டைத் துளைத்து எடுத்துவிட்டால், சீல் மாட்டியபடியே கைப்பிடி தனியாக வந்துவிடும். வேலை முடிந்ததும் வேறு ரிவெட்டோ போல்ட்டோ போட்டு, மேலே பெயின்ட் தடவிவிடுவார்கள். ஆகவே பெட்டி வந்ததும் சீலை மட்டும் பார்க்காமல் கைப்பிடி, கீல், ரிவெட் தலைகளையும் பாருங்கள். துருப்பிடித்த கதவில் ஒரே ஒரு ரிவெட் மட்டும் புதுசாகப் பளபளத்தால் கேள்வி கேளுங்கள். சீலை வெட்டுவதற்கு முன் போட்டோ எடுங்கள். வெட்டிய பிறகு எடுத்தால் இன்சூரன்ஸில் செல்லுபடியாவது கஷ்டம்.

இதன் மறுபக்கமும் உண்டு. எடுப்பதற்குப் பதில் வைப்பது. தென் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பா போகும் பெட்டிகளில், ஏற்றுமதியாளருக்கே தெரியாமல், கதவுக்குப் பின்னால் கொகெய்ன் பைகளைப் போட்டு, அதே எண் பொறித்த போலி சீலை மாட்டிவிடுவது அங்கே பழைய கைவரிசை. போய்ச் சேரும் துறைமுகத்தில் கடத்தல்காரர்களின் ஆளே முதலில் வந்து எடுத்துவிடுவான்.

இந்திய சுங்கத்தின் இ-சீல் போட்டிருக்கிறோம். அப்படியென்றால் வழி முழுக்க அவர்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்களா?

இதில்தான் நிறையப் பேருக்குக் குழப்பம். ஃபேக்டரியிலேயே சீல் வைத்து அனுப்பும் ஏற்றுமதியாளர்களுக்கு 2017 நவம்பரிலிருந்து நடைமுறையான இ-சீல், ஆர்.எஃப்.ஐ.டி. சிப் (ரேடியோ அலையில் தன் எண்ணைச் சொல்லும் சில்லு) பொதித்த போல்ட் சீல். அதற்குள் பேட்டரி கிடையாது, ஜி.பி.எஸ். கிடையாது. ரீடர் கருவியைச் சில மீட்டர் தூரத்தில் நீட்டினால் தன் எண்ணைச் சொல்லும், மற்ற நேரம் ஊமை. சீல் எண், ஷிப்பிங் பில் (சுங்கத்துக்குக் கொடுக்கும் ஏற்றுமதிச் சீட்டு) எண், கண்டெய்னர் எண், லாரி எண், சீல் வைத்த நேரம் எல்லாவற்றையும் பெட்டி கிளம்புவதற்கு முன் நாம் கணினியில் பதிந்துவிட வேண்டும். துறைமுகத்தில் அதிகாரி ரீடரை நீட்டுவார். சீல் முழுசாக இருந்து விவரமும் பொருந்தினால் பொதுவாகத் திறக்காமலே விட்டுவிடுவார்கள். உடைந்திருந்தால் பரிசோதனை. காங்கேயத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் லாரி டீக்கடையில் எவ்வளவு நேரம் நின்றது என்று அந்த சீலுக்குத் தெரியாது.

வழி முழுக்கப் பார்க்கும் ஜி.பி.எஸ். பூட்டும் இந்திய சுங்கத்தில் இருக்கிறது, அது வேறு. கொல்கத்தா, விசாகப்பட்டினம் வழியாக நேபாளத்துக்குப் போகும் சரக்குகளுக்கு 2019-லிருந்து அதைப் பயன்படுத்துகிறார்கள். பெட்டி இந்தியாவுக்குள் வரி கட்டாமல் கடந்து போவதால், நடுவழியில் திறந்தார்களா என்பது அங்கே பணப் பிரச்சினை.

லாஜிஸ்டிக்ஸ் டேட்டா பேங்க் என்பது?

மத்திய அரசும் ஜப்பானின் என்.இ.சி.யும் கூட்டாக 2016-இல் மும்பை நவசேவா துறைமுகத்தில் தொடங்கியது. பிறகு நம் பக்கத் துறைமுகங்களுக்கும் வந்தது. துறைமுகத்தில் பெட்டியின் மேல் ஓர் ஆர்.எஃப்.ஐ.டி. டேக் மாட்டுவார்கள். வழியில் சில டோல்கேட்டிலும், சி.எஃப்.எஸ். (சரக்கு நிலையம்), உள்நாட்டு டெப்போ வாசல்களிலும் உள்ள ரீடர்கள் அதைப் படிக்கும். கண்டெய்னர் எண்ணைத் தளத்தில் போட்டால், கடைசியாக எந்த வாசலைத் தாண்டியது என்று வரும். லாரிக்காரர் 'சார், மதுரை தாண்டிட்டேன்' என்று சொல்வதைச் சரிபார்க்க உதவும்.

ஹேக்கர்கள் பெட்டியைத் திருட முடியுமா?

திருடியிருக்கிறார்கள். பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பில் 2011-லிருந்து இரண்டு ஆண்டுகள் நடந்தது. போதைப்பொருள் கும்பல் ஒன்று ஹேக்கர்களைக் கூலிக்கு அமர்த்தி, டெர்மினல்களின் கணினிக்குள் புகுந்தது. முதலில் ஊழியர்களுக்கு வைரஸ் மெயில். அது பிடிபட்டு ஃபயர்வால் போட்டதும், அலுவலகத்துக்குள்ளேயே ஆள் நுழைந்து, விசைப்பலகையில் தட்டுவதை எல்லாம் பதியும் கருவிகளைச் சாதாரண பிளக் பெட்டி மாதிரி மறைத்து வைத்தார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வாழைப்பழத்தோடும் மரத்தோடும் கொகெய்ன் வரும். பெட்டி எந்த இடத்தில் நிற்கிறது, எடுக்க என்ன ரகசிய எண் என்பது தெரிந்துவிட்டதால், உரிமையாளரின் லாரி வருவதற்கு முன் கும்பலின் லாரி வந்து எடுத்துக்கொண்டு போய்விடும். பெட்டிகள் காணாமல் போகின்றன என்று டெர்மினல்காரர்கள் கவனித்ததில்தான் விஷயம் வெளியே வந்தது. போலீஸ் பிடித்தபோது கொகெய்ன் ஒரு டன், ஹெராயின் ஒரு டன் என்ற அளவில் சிக்கியது.

யாரும் சீலை வெட்டவில்லை, சுவர் ஏறிக் குதிக்கவில்லை. சரியான எண்ணைச் சொன்னார்கள், கேட் திறந்தது. அந்த எண் ஒரு மெயிலில் இருந்து இன்னொரு மெயிலுக்கு ஃபார்வர்டர், புரோக்கர், லாரி கம்பெனி என்று கை மாறிக்கொண்டே போகும், நடுவில் யார் பார்த்தாலும் தெரியாது. இப்போது ஆன்ட்வெர்ப்பிலும் ராட்டர்டாமிலும் எண்ணுக்குப் பதில், அடையாளம் உறுதியான ஒருவர் அடுத்தவருக்குக் கணினியிலேயே உரிமையை மாற்றிக் கொடுக்கும் முறைக்கு நகர்ந்துவிட்டார்கள். நம் ஊரில், பெட்டியை எடுக்க அனுமதிக்கும் டெலிவரி ஆர்டரை வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

கம்ப்யூட்டர் மொத்தமும் படுத்துவிட்டால்?

2017 ஜூன் 27 அன்று மெர்ஸ்க்குக்கு அதுதான் நடந்தது. உக்ரைனைக் குறிவைத்துக் கிளம்பிய நாட்பெட்யா வைரஸ் அவர்களுடைய கணினிகளை உலகம் முழுக்க முடக்கியது. மும்பை நவசேவாவில் அந்தக் குழுமம் நடத்தும் டெர்மினலும் நின்றது. கேட்டில் லாரி நிற்கிறது, பெட்டி உள்ளே கண்ணுக்குத் தெரிகிறது, எது யாருடையது என்று சொல்லத்தான் யாருமில்லை. பத்து நாளில் 4,000 சர்வர், 45,000 கம்ப்யூட்டர்களைத் திரும்ப நிறுவினார்கள். உலகெங்கும் இருந்த முக்கியமான சர்வர் நகல்கள் அழிந்துபோக, கானா அலுவலகத்தில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது. அன்று அங்கே கரண்ட் போயிருந்ததுதான் காரணம். மின்வெட்டைத் திட்டும் போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

எல்லாப் பெட்டியையும் எக்ஸ்ரே எடுப்பார்களா?

மாட்டார்கள், முடியாது. அமெரிக்கா வரும் பெட்டிகள் அனைத்தையும் 2012-க்குள் வெளிநாட்டுத் துறைமுகத்திலேயே ஸ்கேன் செய்ய வேண்டும் என்று 2007-இல் அங்கே சட்டமே போட்டார்கள். இன்றுவரை நடக்கவில்லை. உண்மையில் நடப்பது காகிதத்தை வைத்துச் சலித்தெடுப்பது. 2001 தாக்குதலுக்குப் பிறகு வந்த விதிப்படி, அமெரிக்கா போகும் பெட்டியின் விவரம் கப்பலில் ஏறுவதற்கு 24 மணி நேரம் முன்னால் அவர்களிடம் போய்ச் சேர வேண்டும். யார் அனுப்புகிறார், என்ன சரக்கு, பழைய வரலாறு எல்லாவற்றையும் பார்த்துச் சந்தேகமானதை மட்டும் நிறுத்துவார்கள். அதற்காக அமெரிக்க சுங்கம் ஆள் வைத்திருக்கும் வெளிநாட்டுத் துறைமுகங்களில் கொழும்பும் ஒன்று. 'ரெடிமேட் கார்மெண்ட்ஸ்' என்று மொட்டையாக எழுதாமல், எந்தத் துணி, ஆணுக்கா பெண்ணுக்கா, பின்னியதா நெய்ததா என்று எழுதச் சொல்லி நான் நச்சரிப்பது இதனால்தான்.

பிளாக்செயின் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்களே?

பலர் பகிர்ந்துகொள்ளும், பிறகு யாரும் மாற்ற முடியாத டிஜிட்டல் பதிவேடுதானே? வந்தது, போய்விட்டது. மெர்ஸ்க்கும் ஐ.பி.எம்.மும் சேர்ந்து 2018-இல் கொண்டுவந்த டிரேட்லென்ஸ் என்ற அப்படிப்பட்ட தளத்தை, போதுமான பேர் சேரவில்லை என்று 2022 நவம்பரில் மூடுவதாக அறிவித்துவிட்டார்கள்.

கடலில் விழுந்த பெட்டியைக் கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியாது. 2020 நவம்பர் 30 அன்று பசிபிக்கில் ஒன் ஏபஸ் கப்பலிலிருந்து ஒரே புயலில் 1,816 பெட்டிகள் போயின. மூழ்கும் பெட்டியிலிருந்து எந்தச் சிக்னலும் வராது. விழுந்ததைப் பக்கத்துக் கப்பல்களுக்கும் கரை நாட்டுக்கும் கேப்டன் உடனே சொல்லியாக வேண்டும் என்ற விதிக்கு அமல் தேதியே 2026 ஜனவரி 1தான். நம் கரையிலேயே 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 சுமார் 640 பெட்டிகளோடு மூழ்கியது. பல பெட்டிகள் கொல்லம், ஆலப்புழைப் பக்கம் கரை ஒதுங்கின. பிளாஸ்டிக் மணிகள் குமரிக் கடற்கரைவரை வந்தன.

அப்படியானால் கருவி இருந்திருந்தால் விபத்தைத் தடுத்திருக்கலாமா?

தகவல் மட்டும் போதாது. எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் விஷயத்தில் தகவலுக்குக் குறைவே இல்லை. நைட்ரிக் அமிலப் பெட்டி ஒன்று ஒழுகுகிறது என்று மாலுமிகளுக்குத் தெரியும். கத்தாரின் ஹமத் துறைமுகத்திலும் குஜராத்தின் ஹஜீராவிலும் அதை இறக்கக் கேட்டார்கள், இரண்டு இடத்திலும் நடக்கவில்லை. எந்தப் பெட்டி, எந்த அடுக்கு என்பது வரை தெரிந்த நிலையிலேயே கப்பல் கொழும்புக்கு வந்தது. 2021 மே 20 அன்று துறைமுகத்துக்கு வெளியே தீப்பிடித்து, ஜூன் 2 அன்று 1,486 பெட்டிகளோடு தரை தட்டி மூழ்க ஆரம்பித்தது.